டைமிங் செயின் சத்தம் வந்துவிட்டது: கிட் போடுவதா, எஞ்சினை மாற்றுவதா, வண்டியை விற்பதா?

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வரும் அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் ஒரே கணக்கில் சுழலவைக்கும் சங்கிலிதான் டைமிங் செயின், அது தேய்ந்தால் வரும் சத்தம் இது. தகர டப்பாவில் நாலைந்து ஆணியைப் போட்டுக் குலுக்கிய மாதிரி, டிரைவர் பக்கத்துச் சக்கரத்துக்கு மேலே இருந்து இரண்டு மூன்று நொடி கரகரவென்று வந்து அப்படியே அடங்கிவிடும். அடங்கிவிடுவதுதான் ஆபத்து. "சரி, போயிடுச்சே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று கிளம்பிவிடுகிறோம். நானும் இரண்டு மாதம் அப்படித்தான் ஓட்டினேன்.

என் வண்டி 2012 டிசையர் டீசல், 1,72,000 கிலோமீட்டர் ஓடியது. மூன்று வருடத்துக்கு முன் இரண்டாம் கையாக வாங்கினேன். சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினால் 60,000க்கும் 95,000க்கும் நடுவில் ஒரே ஒரு ஆயில் மாற்றம்தான் பதிவாகியிருக்கிறது. அந்தப் பக்கத்தை வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. செயின் தேய்ந்ததற்கு முதல் காரணம் அந்த 35,000 கிலோமீட்டர்தான் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

இதை எழுதக் காரணம், இதே எஞ்சின் நம் ஊரில் அத்தனை வண்டிகளில் இருக்கிறது. ஃபியட் 2003ல் கொண்டுவந்த 1.3 மல்டிஜெட், 1248 சிசி. மாருதி இதை டிடிஐஎஸ் என்ற பெயரில் 2007ல் ஸ்விஃப்டில் வைத்தது. அப்புறம் டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா என்று போய்க்கொண்டே இருந்தது. டாடா இதையே குவாட்ராஜெட் என்று இண்டிகா விஸ்டாவிலும் மான்சாவிலும் வைத்தது, ஃபியட்டின் புன்டோ, லீனியாவிலும் இதுதான், செவர்லே செயிலிலும் இதுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திக்கொண்டது. ஆக, இன்றைக்கு ஓடிக்கொண்டிருக்கும் மாருதி டீசல்களில் இளையதற்கே ஐந்து வயது தாண்டிவிட்டது, பெரும்பாலானவை பத்து வயதுக்கு மேல். செயின் சத்தம் வரும் வயது.

நல்ல எஞ்சின், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆயில் ஒழுங்காக மாற்றியவர்கள் இதில் செயினைத் தொடாமலே மூன்று லட்சம் ஓட்டியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பெல்ட் வைத்த எஞ்சினுக்கும் செயின் வைத்த எஞ்சினுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. டஸ்டரில் வந்த 1.5 டீசலுக்கு டைமிங் பெல்ட். அதற்குத் தவணை உண்டு, சர்வீஸ் அட்டவணையிலேயே மாற்று என்று எழுதியிருக்கும், ஓனரும் முனகிக்கொண்டே மாற்றிவிடுவார். செயினுக்கு அப்படித் தேதி கிடையாது. "எஞ்சின் ஆயுள் வரைக்கும் வரும்" என்று சொல்லி விற்பதால் யாருக்கும் அது நினைவிலேயே இருப்பதில்லை.

செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோமே, உண்மையில் இரும்பு எதுவும் இழுபட்டு நீளுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கும் பின்னும், அதைச் சுற்றியிருக்கும் புஷ்ஷும் தேய்கின்றன. ஒரு கண்ணிக்குத் தலைமுடி அளவுகூட இருக்காது, ஆனால் எல்லாக் கண்ணியும் சேர்ந்தால் செயின் மொத்தமாகச் சில மில்லிமீட்டர் நீளமாகிவிடும். டீசல் ஆயிலில் கரி கலந்திருக்கும், அது நைசான உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். அந்தத் தொய்வை எடுத்துக்கொள்ள ஒரு டென்ஷனர் இருக்கிறது. அது ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. இரவு முழுக்க நின்ற வண்டியில் ஆயில் கீழே வடிந்திருக்கும், ஸ்டார்ட் செய்த முதல் இரண்டு நொடி டென்ஷனருக்கு அழுத்தம் வந்து சேராது, அந்த இடைவெளியில் தொய்ந்த செயின், அது விலகாமல் ஓட வைத்திருக்கும் கைடிலும் வெளிக் கவரிலும் அடிக்கும். காலைச் சத்தத்தின் கதை இவ்வளவுதான்.

முடிவெடுப்பதற்கு முன்னால், சத்தம் செயின்தானா என்று பாருங்கள். இதில் ஏமாந்தவர்கள் அதிகம். ஏசி, ஆல்டர்னேட்டர் பெல்ட்டின் புல்லி பேரிங் போனாலும் அதே பக்கத்திலிருந்துதான் கரகரப்பு வரும். அந்த வெளிப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அரை நிமிடம் மட்டும் ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். வாட்டர் பம்ப்பும் அந்தப் பெல்ட்டில்தான் சுற்றுகிறது, அதனால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. சத்தம் போய்விட்டால் சில ஆயிரத்தில் முடிகிற புல்லி வேலை. என் மெக்கானிக் அண்ணன் இதைச் செய்துவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை டைமிங் கவரில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு என் காதில் வைத்தார். இன்ஜெக்டர் பக்கம் டொக் டொக் என்று சீராக இருந்தது, கவரின் நடுவில் வைத்தால் சங்கிலியை இரும்புக் குழாய்க்குள் இழுக்கிற மாதிரி ஒரு உரசல். "தம்பி, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார்.

இன்னொன்று, ஆயில் அளவு குறைந்திருந்தாலும், ஆயில் பழையதாகி நீர்த்திருந்தாலும், மட்டமான ஃபில்டர் போட்டிருந்தாலும் இந்தச் சத்தம் வரும். அதனால் முதல் செலவு சரியான 5டபிள்யூ-30 ஆயிலும் ஒரிஜினல் ஃபில்டரும்தான். இந்த எஞ்சினுக்கு சுமார் மூன்று லிட்டர்தான் பிடிக்கும், அதில் அரை லிட்டர் குறைந்தாலே பெரிய குறை. மாற்றி ஒரு வாரம் கேளுங்கள். போய்விட்டால் நல்லது. போகவில்லையென்றால், அல்லது செக் எஞ்சின் விளக்கு எரிந்து ஸ்கேனரில் பி0016 வந்தால், அதாவது கிராங்க்கும் கேமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று வந்தால், இனி யோசிக்க நேரமில்லை.

எனக்கு முன்னால் இருந்த வழிகள் நான்கு. அப்படியே ஓட்டுவது, செயினை மாற்றுவது, காயலான் கடையிலிருந்து வேறு எஞ்சின் எடுத்துப் போடுவது, விற்றுவிடுவது. ஒவ்வொன்றையும் சொல்கிறேன். தொகைகள் எல்லாம் திருப்பூரிலும் கோவையிலும் எனக்குச் சொன்னவை, உங்கள் ஊரில் மாறும்.

அப்படியே ஓட்டுவது. இதைத்தான் அதிகம் பேர் செய்கிறார்கள், அதனால் முதலில் இதைப் பேசிவிடுகிறேன். செயின் பல்சக்கரத்தில் ஒரு பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும், இந்த எஞ்சினில் இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடம் அவ்வளவு குறைவு. நல்ல நேரமாக இருந்தால் வால்வை அழுத்தும் ராக்கர் ஆர்ம் முதலில் உடைந்து மற்றதைக் காப்பாற்றும். இந்த எஞ்சினில் அப்படி நடப்பது உண்டு, மொத்தம் பதினாறு ராக்கர், ஒரு செட் போட்டால் பிழைத்துவிடும். நேரம் சரியில்லை என்றால் வால்வு வளையும், பிஸ்டனில் குழி விழும், எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்ப வேண்டும். அப்படி வந்தால் 45,000ல் ஆரம்பிக்கும் என்றார்கள், எங்கே முடியும் என்று யாரும் சொல்லவில்லை. அதுவும் வீட்டு வாசலில் நடக்காது. பல்லடம் தாண்டி நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகும்போது நடந்தால் என்ன செய்வது என்று என் மனைவி ஒரே கேள்வி கேட்டாள், எனக்குப் பதில் இல்லை.

ஆறு மாதத்தில் வண்டியை ஸ்கிராப்புக்குக் கொடுக்கப்போகிறீர்கள், ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறீர்கள் என்றால் மட்டும் இந்த வழி சரி. அப்போதும் இரண்டு விஷயம். வண்டியைத் தள்ளியோ கயிறு கட்டி இழுத்தோ ஸ்டார்ட் செய்யாதீர்கள், ஆயில் அழுத்தமே இல்லாத நேரத்தில் செயினுக்கு விழும் அந்தத் திடீர் இழுப்புதான் பல் தாண்ட வைக்கும். மேட்டில் கியரில் போட்டு நிறுத்தவும் வேண்டாம். மாதம் இரண்டு முறை குன்னூர் போகிறவன் நான், அங்கே கியரில் போட்டு நிறுத்துவதுதான் எல்லோருக்கும் பழக்கம். வண்டி லேசாகப் பின்னால் சாய்ந்தால் எஞ்சின் எதிர்த்திசையில் நெளியும், அப்போது இழுப்பு முழுக்க டென்ஷனர் பக்கம் வந்து, தொய்வு மறுபக்கம் போய்ச் சேரும். ஹேண்ட் பிரேக்கை நன்றாகப் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள்.

காயலான் கடை எஞ்சின். உக்கடத்தில் விசாரித்தேன், சென்னை புதுப்பேட்டையில் ஒரு நண்பர் மூலமாகவும் விசாரித்தேன். விபத்தில் மொத்தமாகப் போன வண்டியின் எஞ்சின், 60,000 என்றார்கள், இறக்கி ஏற்றும் கூலி 12,000 தனி. கேட்க நன்றாகத்தான் இருந்தது, "சார், 70,000தான் ஓடின எஞ்சின்" என்றார் கடைக்காரர். ஆனால் அந்த எஞ்சினுக்குள் இருக்கும் செயின் எந்த நிலையில் இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த வண்டிக்காரர் ஆயில் மாற்றினாரா? அந்த சர்வீஸ் புத்தகம் என் கையில் கிடையாது. கடைசியில் அந்த எஞ்சினுக்கும் புதுச் செயின் கிட் (செயினும் அதோடு சேர்ந்த சாமான்களும்) போட்டுத்தான் ஏற்ற வேண்டும், அப்படிச் செய்யாமல் ஏற்றுவது அறியாமை. அதோடு ஆர்சியில் எஞ்சின் நம்பர் மாற்ற ஆர்டிஓ ஆபீஸ் போக வேண்டும், இன்சூரன்ஸிலும் மாற்ற வேண்டும். "அதெல்லாம் யார் சார் பார்க்குறாங்க" என்பார்கள். க்ளெய்ம் வரும்போதும் வண்டியை விற்கும்போதும் பார்ப்பார்கள். உங்கள் எஞ்சின் ஏற்கனவே வால்வு முட்டி உடைந்துவிட்டது, அல்லது புகை அடிக்கிறது, ஆயில் குடிக்கிறது, ஆயில் மூடியைத் திறந்தால் புகைபோக்கி மாதிரி ஊதுகிறது என்றால் இந்த வழியை யோசிக்கலாம். செயின் மட்டும் தேய்ந்த எஞ்சினை இதற்காகக் கழற்றி எறிவது பல் வலிக்குத் தலையை மாற்றுவது.

விற்பது. நல்ல நிலையில் இருக்கும் பழைய மாருதி டீசலுக்கு இன்னும் ஆள் வருகிறார்கள், புதிதாகக் கிடைக்காது என்பதால். ஆனால் காலையில் வந்து ஸ்டார்ட் செய்து பார்க்கும் எந்த மெக்கானிக்கும் அந்தச் சத்தத்தைக் கண்டுபிடித்துவிடுவார். என்னிடம் வந்த புரோக்கர் நேராக 50,000 குறைத்தார். செயின் மாற்ற ஆகும் 17,000 ரூபாய் வேலைக்கு 50,000 குறைப்பு. எஞ்சினைச் சூடாக்கி வைத்துவிட்டு மாலையில் ஆளை வரச் சொல்லலாம் என்று அவரே யோசனையும் சொன்னார். அது என்னால் முடியாது, அந்த வண்டியில் இன்னொரு குடும்பம் போகும்.

டெல்லியில் இருந்திருந்தால் கணக்கே வேறாக இருந்திருக்கும், அங்கே டீசலுக்குப் பத்து வருடம் என்ற கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். நமக்கு இங்கே பதினைந்து வருடம், அப்புறம் எஃப்சி காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம், கார்களுக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். என் வண்டிக்கு 2027 வரை கவலை இல்லை, அதற்குப் பிறகும் வாய்ப்பு இருக்கிறது. அப்படியிருக்க 17,000 போடுவது வீண் இல்லை.

ஆக, செயினை மாற்றுவது. உண்மையான ஒப்பீடு இங்கேதான் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் இதிலேயே மூன்று நான்கு விதம் இருக்கிறது, தப்பான விதத்தைத் தேர்ந்தெடுத்தால் பணமும் போகும், எஞ்சினும் போகும்.

முதலில் பாதி வேலை. "செயினையும் டென்ஷனரையும் மட்டும் மாத்திக்கலாம், கைடும் பல்சக்கரமும் நல்லாத்தான் இருக்கும்" என்று ஒரு இடத்தில் சொன்னார்கள், நாலாயிரம் மிச்சம். இதை ஒத்துக்கொள்ளாதீர்கள். சைக்கிள் வைத்திருந்தவர்களுக்கே தெரியும், தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் அந்தச் செயினும் சீக்கிரமே அந்தப் பல்லுக்கு ஏற்ப தேய்ந்துவிடும். கைடு பிளாஸ்டிக், இத்தனை வருடச் சூட்டில் மொறுமொறுத்திருக்கும். என் வண்டியில் எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பை இறக்கியபோது ஆயிலின் அடியில் பழுப்பு நிறத்தில் நகம் வெட்டிப் போட்ட மாதிரி நாலு துண்டு கிடந்தது. அந்தத் துண்டுகள் ஆயில் உறிஞ்சப்படும் இடத்து வடிகட்டியான ஸ்ட்ரெய்னரை அடைத்தால் ஆயில் அழுத்தமே போய்விடும். கவரைத் திறக்கிற கூலிதான் பெரிய செலவு. திறந்த பிறகு உள்ளே இருக்கும் பழைய சாமானை அப்படியே விட்டு மூடுவதில் எந்த மிச்சமும் இல்லை. செயின், டென்ஷனர், இரண்டு கைடு, மேல் கீழ்ப் பல்சக்கரங்கள், கிராங்க் ஆயில் சீல், அவ்வளவும் புதிது. வெளிப் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் பழையதாக இருந்தால் அதையும் அப்போதே.

அடுத்து, கம்பெனி சர்வீஸா, வெளி மெக்கானிக்கா. கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் 27,000 சொன்னார்கள், பில் உண்டு, வாரண்டி உண்டு, சாமான் ஒரிஜினல் என்ற நிம்மதி உண்டு. வெளியில் கிட் 8,200, கூலி 5,500, ஆயில், ஃபில்டர், சீல், கூலண்ட், சிலிக்கான் எல்லாம் 3,300, மொத்தம் 17,000. பத்தாயிரம் வித்தியாசம். நான் வெளியில் கொடுத்தேன். ஆனால் வித்தியாசத்தைப் பார்த்து மட்டும் இல்லை. நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, இந்த எஞ்சினுக்கு லாக்கிங் டூல் வச்சிருக்கீங்களா? காட்டுங்க." இந்த எஞ்சினில் கேம்ஷாஃப்ட்டைப் பூட்ட மேலே இரண்டு பின், ஃப்ளைவீலைப் பூட்ட ஒரு பின் வேண்டும். அவர் எண்ணெய் படிந்த ஒரு ரெக்ஸின் பையைத் திறந்து மூன்றையும் எடுத்து வைத்தார். இதற்கு முன் போன இடத்தில் "பெயிண்ட் மார்க் வச்சுப் பண்ணிடலாம் சார், நூறு வண்டி பண்ணியிருக்கோம்" என்றார்கள். தேய்ந்த செயின் ஏற்கனவே டைமிங்கைக் கொஞ்சம் பின்னால் தள்ளியிருக்கும், அந்த நிலையில் பெயிண்ட் அடையாளம் வைத்தால் தப்பையே அளவெடுத்துத் திரும்பப் பொருத்துகிறோம். டூல் இல்லாத இடத்தில் பாதி விலைக்கு வந்தாலும் கொடுக்காதீர்கள். உங்கள் ஊரில் டூல் வைத்திருக்கும் வெளி மெக்கானிக் இல்லையென்றால் கம்பெனி சர்வீஸுக்கே போங்கள், அந்தப் பத்தாயிரம் நியாயமான பத்தாயிரம்.

நீங்களே செய்யலாமா என்று கேட்பவர்களும் உண்டு. எஞ்சினை ஜாக்கில் தாங்கி, டிரைவர் பக்கத்து மவுண்ட்டைக் கழற்றி, சம்ப் இறக்கி, கவரை எடுத்து, மறுபடி சிலிக்கான் போட்டு மூட வேண்டும். கிராங்க் புல்லி போல்ட் இந்த எஞ்சினில் இடது மரை, அது தெரியாமல் குழாய் மாட்டி வழக்கமான திசையில் திருப்பித் திருப்பி இறுக்கியே உடைத்தவர்கள் உண்டு. போல்ட்டைச் சொன்ன அளவு முறுக்கில் இறுக்கும் டார்க் ரெஞ்ச் வேண்டும். கார் வேலையில் கை பழகாதவர்கள் இதை முதல் வேலையாக எடுக்க வேண்டாம்.

கிட் எங்கே வாங்குவது என்பதிலும் அவசரம் கூடாது. மாருதி ஒரிஜினல் என்றால் ஹோலோகிராமும் எம்ஆர்பி ஸ்டிக்கரும் இருக்கும், பார்ட் நம்பரை வண்டியின் சேஸிஸ் நம்பரோடு ஒப்பிட்டு வாங்குங்கள். 2,500க்கு முழுக் கிட் என்று ஒன்று என் கையில் கொடுத்தார்கள், பல்சக்கரத்தின் பல் ஓரத்தில் விரலை ஓட்டினால் பிசிறு குத்தியது, கைடை லேசாக வளைத்ததும் வெள்ளைக் கோடு விழுந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வேலை நடந்த அன்று பக்கத்திலேயே நின்றேன். கழற்றிய செயினையும் புதுச் செயினையும் சுவரில் ஒரே ஆணியில் மாட்டினார். மேல் முனை ஒன்றாக இருக்க, கீழே பழையது கால் விரற்கடை அளவுக்கு இறங்கி நின்றது. அப்புறம் பழையதைப் படுக்கை வசத்தில், பக்கவாட்டாகக் கையில் பிடித்து நீட்டினார், வெயிலில் வாடிய முருங்கைக்காய் மாதிரி இரண்டு பக்கமும் தொங்கியது. புதியது விறைப்பாக நின்றது. அதைப் பார்த்த பிறகு இரண்டு மாதம் ஓட்டியதை நினைத்து நிஜமாகவே பயம் வந்தது.

மூடும்போது மெக்கானிக்கிடம் கேட்டு வாங்க வேண்டியவை இரண்டு. சிலிக்கானை அளவாகப் போடச் சொல்லுங்கள். அள்ளி அப்பினால் உள்பக்கம் பிதுங்கி உதிர்ந்து அதுவும் ஸ்ட்ரெய்னருக்குத்தான் போகும். பொருத்திய பிறகு பின்னை எல்லாம் எடுத்துவிட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, மறுபடி எல்லாப் பின்னையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பின் வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும், தட்டி இறக்கினால் டைமிங் சரியில்லை என்று அர்த்தம். எங்களுக்கு முதல் தடவை மேல் பின் ஒன்று முட்டியது. அண்ணன் ஒன்றும் பேசாமல் திரும்பக் கழற்றினார், இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆனது. இரண்டாம் தடவை விரலால் தள்ளியதுமே போனது.

முதல் ஸ்டார்ட்டில் நாலைந்து நொடி சத்தம் வரும், புது டென்ஷனருக்குள் ஆயில் ஏறும் வரை. அதில் பயப்பட வேண்டாம். மறுநாள் காலை கேட்பதுதான் கணக்கு. நான் ஆறு மணிக்கு எழுந்து, பானட்டைத் திறந்து வைத்து, பையனைச் சாவி போடச் சொல்லிவிட்டு முன்னால் நின்று கேட்டேன். டீசலுக்கே உரிய அந்த டடடட மட்டும்தான் இருந்தது.

அன்றைக்கே கண்ணாடி ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன்: செயின் 1,72,400, அடுத்த ஆயில் 1,79,500. கம்பெனி சொல்வது 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, நான் ஏழாயிரத்துச் சொச்சத்திலேயே மாற்றிக்கொள்கிறேன்.